கொசுறு

முதல் நாள் வகுப்பில் நான் செய்த முதல் காரியம் கை தட்டியதுதான். எதற்காகத் தட்டுகிறோம் என்று யோசிக்கவில்லை. எல்லோரும் தட்டினார்கள், நானும் தட்டினேன். ராத்திரி படுக்கையில் புரண்டபோதுதான் யோசனை வந்தது. கூடவே கொஞ்சம் வெட்கமும் வந்தது.

தென் கொரியாவில், சியோல் நகரத்துக்குத் தெற்கே சுவோன் என்று ஓர் ஊர். என் தங்கையின் கணவருக்கு அங்கே உத்தியோகம். 2024-ம் வருஷம் செப்டம்பரில் தங்கை கூப்பிட்டாள் என்று போய்ப் பத்து வாரம் தங்கினேன். காலையில் மாப்பிள்ளை ஆபீசுக்கும், தங்கை பெண் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடுவார்கள். நான் ஒன்பதாவது மாடி ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு, எதிர் வீட்டு ஒன்பதாவது மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"எத்தனை நாழிதான் இப்படியே உட்கார்ந்திருப்பே அண்ணா? பக்கத்துத் தெருவிலே வெளியூர்க்காரங்களுக்கு இலவசமாக் கொரிய பாஷை சொல்லிக் கொடுக்கிறாங்க. போய்ச் சேர்ந்துக்கோயேன்" என்றாள் தங்கை.

போனேன். எட்டுப் பேர் இருந்தார்கள். எழுபது வயசு மதிக்கத் தக்க ஓர் அம்மாள் ஆசிரியை. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சம்பளம் இல்லாமல் இந்தத் தொண்டைச் செய்துவருகிறார். "ஒவ்வொருவராக எழுந்து உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்.

முதலில் எழுந்தவர் ஓர் அமெரிக்க இளைஞர். நல்ல உயரம். காது மடல் வரை சிவந்துபோய், "அன்னியோங் ஹஸேயோ" என்றார். நம் ஊர் வணக்கம் மாதிரி. பிறகு தம் பெயரைச் சொன்னார். தாம் அமெரிக்கர் என்று சொன்னார். அந்த இரண்டு வாக்கியத்துக்குள் மூன்று இடத்தில் தடுக்கி விழுந்து எழுந்தார். அவ்வளவுதான், வகுப்பே கை தட்டியது. ஆசிரியை அம்மாள் மார்பில் கையை வைத்துக்கொண்டு, "ஹங்குங்மல் ஜல் ஹசினேயோ!" என்றார். 'கொரிய பாஷை நன்றாகப் பேசுகிறீர்களே' என்று அர்த்தம். கடைசியில் வருகிற அந்த 'நேயோ'வில் நம் 'பேசுகிறீர்களே' என்பதில் உள்ள ஏகாரத்தின் வியப்பு அப்படியே இருக்கிறது.

அடுத்தாற்போல் எழுந்தவள் ஒரு வியத்நாம் பெண். கொரியரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து ஏழு வருஷம் ஆகிறது. பெயர், ஊர், மாமியார், குழந்தை என்று அரை நிமிஷம் நிற்காமல் பேசினாள். ஆசிரியை கவனமாகக் கேட்டார். நடுவில் ஒரு சொல்லைப் பிடித்து, "இதை இன்னும் இறுக்கிச் சொல்ல வேண்டும்" என்று மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தார். அவளும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

கை தட்டல் இல்லை. அவளுக்குத் தட்ட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

பாஷை விஷயத்தில் என் தகுதியையும் சொல்லிவிட வேண்டும். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். ஆங்கிலம் வாசித்தால் புரியும். யாராவது ஆங்கிலத்தில் பேசினால் மட்டும் முதுகு தானாக வளைந்துவிடும். கொரிய பாஷைக்கு எனக்குக் கிடைத்த பாடப் புத்தகமும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. அது என்னை முதல் பத்து பக்கத்திலேயே மிரட்டிவிட்டது. இந்தப் பாஷையில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருமாம், ஜாக்கிரதை! பெயர்ச்சொல்லின் வாலில் உருபுகள் ஒட்டிக்கொள்ளுமாம், பழகிக்கொள்ள நாளாகும்! பெரியவர்களிடம் பேசும்போது வினையின் உருவமே மாறுமாம். இது நமக்குப் பெரிய தலைவேதனை! இரண்டு நாள் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

மூன்றாம் நாள் தங்கை பெண் வந்து புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு வயசு. ஐந்து வருஷமாக அங்கேயே படிக்கிறவள்.

"மாமா, 'நான் அரிசி வாங்கக் கடைக்குப் போனேன்', இதிலே வினைச்சொல் எங்கே இருக்கு?"

"கடைசியிலே."

"'கடைக்கு' என்கிறதிலே 'கு' எங்கே இருக்கு?"

"வாலிலே."

"என்னைப் 'போ'ன்னு சொல்வீங்க, தாத்தாவைப் 'போங்க'ன்னு சொல்வீங்க. பின்னே எதுக்கு பயப்படறீங்க?"

அப்போதுதான் விளங்கிற்று. அந்தப் புத்தகம் 'நமக்கு' என்று சொன்ன இடத்திலெல்லாம் நான் இல்லை. ஆங்கிலம் பேசிப் பிறந்த ஒருவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு எழுதின புத்தகம் அது. அவருடைய பயத்தை நான் இரவல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

எழுத்திலும் அதே கதை. ஒரே எழுத்து சொல்லின் தலையில் வந்தால் ஓர் ஓசை, நடுவில் வந்தால் இன்னோர் ஓசை என்று அந்தப் புத்தகம் பக்கம் பக்கமாக விளக்குகிறது. 'பல்' என்பதில் வருகிற பகரம் வேறு, 'மரபு' என்பதில் வருகிற பகரம் வேறு என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த வித்தை. அந்த 'மரபு' என்ற சொல்லின் கடைசியில் உதட்டைக் குவிக்காமல் அரைகுறையாக ஓர் உகரம் சொல்கிறோமே, குற்றியலுகரம், கிட்டத்தட்ட அதே ஒலிக்கு அவர்கள் தனி எழுத்தே வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்ல அமெரிக்க இளைஞர் வாயை என்னென்னவோ கோணலாக்கிப் பார்த்தார், பாவம். எனக்கு வராதது வேறு. மூச்சை ஊதிச் சொல்கிற ககரம், தொண்டையை இறுக்கிச் சொல்கிற ககரம் என்று அவர்களுக்கு வகை உண்டு. அதில் நான் கடைசி நாள் வரை பெயில்.

ஹோமர் ஹல்பர்ட் என்று ஓர் அமெரிக்கர் 1886-ல் கொரிய அரசரின் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பிக்க வந்தார். கற்பிக்க வந்தவர் கற்றுக்கொண்டார். படித்தவர்கள் எல்லோரும் சீன எழுத்திலேயே எழுதிக்கொண்டிருந்த அந்த நாளில், பாமரர் எழுத்து என்று ஒதுக்கப்பட்டிருந்த ஹங்குலிலேயே ஒரு பூகோளப் பாடப் புத்தகம் எழுதினார். 1905-ல் கொரிய பாஷையையும் நம் திராவிட பாஷைகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கணமும் வெளியிட்டார். இரண்டும் ஒரு தாய் மக்கள் என்பது அவர் எண்ணம். இன்றைய மொழி ஆராய்ச்சிக்காரர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. அங்கேயும் அப்பாவை 'அப்பா' என்றும் அம்மாவை 'ஒம்மா' என்றும் கூப்பிடுகிறார்கள் என்றால், அது எந்த ஊர்க் குழந்தைக்கும் வாயில் முதலில் வருகிற சத்தம் என்கிறார்கள். இருக்கட்டும். உறவு இல்லாவிட்டாலும் ஜாடை இருக்கிறது.

ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் கொரிய பாஷை மலைதான், சந்தேகமில்லை. அமெரிக்க அரசாங்கம் தன் தூதரக உத்தியோகஸ்தர்களுக்குப் பாஷைகள் சொல்லிக் கொடுக்கிறது. அந்தக் கணக்கில் கொரிய பாஷைக்கு 2,200 மணி நேரம் வகுப்பு வேண்டும். ஸ்பானிஷுக்குச் சுமார் அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஆனால் வியத்நாம் பாஷையிலும் வினை கடைசியில் வராது, உருபு ஒட்டாது. அந்தப் பெண்ணும் அடிவாரத்திலிருந்துதான் ஏறினாள். அவள் ஏறின மணிகளை யாரும் எண்ணி வைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் நாங்கள் நாலு பேர் சந்தைக்குப் போனோம். அமெரிக்கர், வியத்நாம் பெண், நான், எனக்குத் துபாஷியாகத் தங்கை பெண். சுவோன் ஊரைச் சுற்றி 1794-லிருந்து 1796 வரை ஜொங்ஜோ என்ற அரசர் கட்டின கோட்டை மதில் இருக்கிறது. அதன் தெற்கு வாசலான பல்தால்முன் பக்கத்தில் பெரிய சந்தை. இலையுதிர் காலம், பேரிக்காய் குவித்திருந்தார்கள். அந்த ஊர்ப் பேரிக்காய் ஒவ்வொன்றும் தேங்காய்ப் பருமன் இருக்கும்.

அமெரிக்கர் ஒரு கடைக்கார அம்மாளிடம், "இது எவ்வளவு?" என்று கொரிய பாஷையில் கேட்டார். அந்த அம்மாள் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டாள். இரண்டு பேருமாக, "ஜல் ஹசினேயோ, ஜல் ஹசினேயோ" என்று கொண்டாடினார்கள். மூன்று பேரிக்காய் வாங்கியவருக்கு ஒரு பேரிக்காய் மேலே கொடுத்தாள். அதற்கு அங்கே 'தொம்' என்று பெயர். நம் ஊர்க் கொசுறு. கீரை வாங்கினால் கருவேப்பிலை கிடைக்கிற மாதிரி, இரண்டு சொல் பேசினதற்கு ஒரு பேரிக்காய்.

அடுத்து வியத்நாம் பெண் குனிந்து, அடியில் இருக்கிற காய் நசுங்கியிருக்கிறதா, நேற்று வந்த சரக்கா இன்று வந்ததா, அரைக் கூடை தருவீர்களா என்று வரிசையாக விசாரித்தாள். கடைக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்த ஊர்? வியத்நாமா? வந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஏழு."

"ஏழு வருஷமாச்சு, இன்னும் பேச்சு இப்படியா இருக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை. மாமியார் மருமகளுக்குப் புத்தி சொல்கிற மாதிரிதான் சொன்னாள். காய் எண்ணின கணக்குக்குச் சரியாக இருந்தது, கொசுறு இல்லை.

பிறகு என் பக்கம் திரும்பினாள். நீ, வா, போ என்கிற ஏகவசனத்தில் என்னவோ கேட்டாள். ஏதாவது தொழிற்சாலையில் வேலையா என்று கேட்டாளாம். தங்கை பெண்ணுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க மாமா எழுத்தாளர்!" என்றாள். கடைக்காரியின் முகம் மாறிவிட்டது. 'ஜாக்கா' என்றால் எழுத்தாளர். 'நிம்' என்றால் நம் 'அவர்கள்' மாதிரி. "ஜாக்கா நிம்!" என்று கும்பிடாத குறையாகச் சொல்லி எனக்கும் ஒரு பேரிக்காய் நீட்டினாள். கொரிய பாஷையில் நான் அதுவரை ஒரு சொல்கூடப் பேசியிருக்கவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். நன்றாக இனித்தது.

மதில் ஓரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அமெரிக்கர் தம் கொசுறைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். எனக்காக ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"நான் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பகலெல்லாம் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். சாயங்காலம் கடைக்குப் போய்க் கொரிய பாஷையில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது. ஒரு வாக்கியம் சரியாகச் சொல்லிவிட்டால் பாராட்டுகிறார்கள். பாராட்டோடு பேச்சு முடிந்துவிடுகிறது. யார் வீட்டுக்காவது சாப்பிடக் கூப்பிட்டால், அவர்கள் குழந்தையை என் எதிரே உட்கார வைத்து, பேசு பேசு என்கிறார்கள். இந்த ஊரில் ஒருவராவது என்னோடு ஒரு முழுப் பேச்சுப் பேசினதில்லை. அந்த அம்மாள் இவரைத் திட்டினாளே, அப்படி என்னை ஒரு தடவை திட்ட மாட்டார்களா என்றிருக்கிறது."

தங்கை பெண் இதைக் கொரிய பாஷையில் சொன்னதும் வியத்நாம் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லு. எனக்கு விழுகிற ஏச்செல்லாம் அவருக்கு, அவருக்குக் கிடைக்கிற பேரிக்காயெல்லாம் எனக்கு" என்றாள்.

அமெரிக்கரும் சிரித்தார். அவர் சொன்ன குறை பொய்யில்லை. ஆனால் இரண்டு குறையையும் தராசில் வைத்தால் ஒன்றாக நிற்குமா? வாசலில் மாலை போட்டு நிறுத்திவைப்பது ஒரு கஷ்டம். வீட்டுக்குள் விட்டு, நாள் முழுக்கக் குற்றம் சொல்வது இன்னொரு கஷ்டம். மாலை போட்டுக்கொண்டவர் அலுத்தால் ஊருக்குத் திரும்பிவிடலாம். மற்றவளுக்கு அதுதான் வீடு.

எங்கள் வகுப்பில் நேபாளத்துப் பையன் ஒருவன் இருந்தான். இரும்புப் பட்டறை மாதிரி ஏதோ ஒன்றில் வேலை. ஞாயிறு, சனி என்று எப்போது ஓய்வு கிடைக்கிறதோ அப்போது வருவான். அங்கே 2004-லிருந்து ஒரு ஏற்பாடு இருக்கிறது. நேபாளம், இலங்கை, வியத்நாம் போன்ற ஆசிய தேசங்களிலிருந்து தொழிற்சாலை வேலைக்கும் வயல் வேலைக்கும் ஆள் எடுக்கிறார்கள். அப்படி வர விரும்புகிறவன் தன் சொந்த ஊரிலேயே கொரிய பாஷைப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். இந்தப் பையன் காட்மாண்டுவில் கடன் வாங்கிப் படித்து, பரீட்சை தேறி, பிறகுதான் விமானம் ஏறினான். ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க வருகிறவர்களுக்கு வேறு ஏற்பாடு. பொதுவாக அமெரிக்கா, கானடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, தென் ஆப்பிரிக்கா என்ற ஏழு தேசத்துப் பிரஜையாக இருக்க வேண்டும். பட்டம் பெற்றிருக்க வேண்டும். கொரிய பாஷையில் 'அ'னா 'ஆ'வன்னா தெரிய வேண்டியதில்லை. இரும்பு வளைக்கிறவனுக்குப் பரீட்சை. வாயால் பிழைக்கிறவருக்குப் பரீட்சை இல்லை.

'வொனொமின்' என்று அங்கே ஒரு சொல் வழங்குகிறது. ஒரு பாஷையைத் தாய்மொழியாக உடையவர் என்று அர்த்தம். எந்தப் பாஷையாகவும் இருக்கலாம். ஆனால் வெறுமே 'வொனொமின்' என்று சொன்னால் ஆங்கிலக்காரர் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். மற்றவர்களுக்கெல்லாம் தாயும் இல்லை, மொழியும் இல்லை போலும்!

நேபாளத்துப் பையன் ஒரு நாள் ஆசிரியையிடம், "ஏய், இதைப் பார்" என்கிற மரியாதையில் தன் நோட்டை நீட்டிவிட்டான். வகுப்பு திக்கென்று ஆயிற்று. மரியாதை இல்லாத அந்தப் பேச்சுக்கு 'பன்மல்' என்று பெயர். நண்பர்களிடமும் சிறுவர்களிடமும் மட்டும் பேசலாம். ஆசிரியை முகம் சுண்டிவிட்டது. "பெரியவர்களிடம் அப்படிப் பேசக் கூடாது" என்றார்.

பையன் தலை குனிந்து நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "பட்டறையில் என்னிடம் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறார்கள். எனக்குக் காதில் விழுந்தது இதுதான்."

அவனை நாய் மாதிரி அதட்டினவர்களின் பாஷைதான் அவன் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பிச் சொன்னதும் அவனுக்கு மரியாதை தெரியவில்லை என்றாகிவிட்டது. போன வாரம் அமெரிக்கரும் இதே தப்பைச் செய்தார். அப்போது ஆசிரியை, மடியில் இருக்கிற பேரன் 'டீ' போட்டுக் கூப்பிட்டால் பாட்டி சிரிப்பாளே, அப்படிச் சிரித்தார். இரண்டு சம்பவத்தையும் அவரே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். அன்று பாடத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டார்.

எல்லோரும் போன பிறகு நானும் தங்கை பெண்ணும் அவரோடு தெரு முனை வரை நடந்தோம். கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, கேட்டே விட்டேன். அமெரிக்கர் பேசினால் உங்கள் ஊரில் ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறார்கள்?

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு தம் அப்பா காலத்துக் கதையைச் சொன்னார். ஜப்பானியர் ஆண்ட காலம். 1938-க்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் கொரிய பாஷை மெல்ல மெல்ல மறைந்துவிட்டது. பேசின குழந்தைக்குத் தண்டனை. அகராதி எழுதிக்கொண்டிருந்த பண்டிதர்களை 1942-ல் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் சிறையிலேயே செத்துப்போனார்கள். அகராதியின் கையெழுத்துப் பிரதியும் போய்விட்டது. 1945-ல் யுத்தம் முடிந்து ஜப்பானியர் போன பிறகு, செப்டம்பரில், சியோல் ரயில் நிலையத்துச் சரக்குக் கிடங்கில் அந்தக் காகிதக் கட்டு அகப்பட்டது. அதே செப்டம்பரில்தான் அமெரிக்க ராணுவம் வந்து இறங்கிற்று. ராணுவ ஆட்சி நடக்கிற வரையில் ஆங்கிலமே சர்க்கார் பாஷை என்று தளபதி மக்ஆர்தரின் முதல் பிரகடனம் சொல்லிற்று.

"பத்து சொல் ஆங்கிலம் தெரிந்தவன் துபாஷியாகப் போய்ப் பெரிய மனுஷன் ஆனான் என்று அப்பா சொல்வார். எங்கள் பாஷையை வேண்டாம் என்றவர்களைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். மேலே இருக்கிற ஒருவர் குனிந்து அதை எடுத்துப் பேசினால் நெஞ்சு இளகிவிடுகிறது" என்றார்.

"மேலே இல்லாதவர் பேசினால்?"

"அவர்களுக்கு அது தேவை. கற்றுக்கொள்ளத்தானே வேண்டும்?"

சொல்லிவிட்டு நின்றுவிட்டார். தாம் சொன்னதைத் தாமே இன்னொரு தடவை கேட்டுக்கொண்டது போல் இருந்தது. பஸ் வந்தது. எங்களைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திவிட்டு ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போதெல்லாம் அந்தச் சொல்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பிரியத்துக்குப் பேசுகிறவருக்குப் பாராட்டு; தேவைக்குப் பேசுகிறவருக்குத் திருத்தம். ஆனால் யாருக்குப் பிரியம், யாருக்குத் தேவை என்று எந்தத் தராசு சொல்கிறது? அந்தப் பாஷையிலேயே கணவனோடு சண்டை போட்டு, அதிலேயே சமாதானம் ஆகி, அதிலேயே குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுகிறவளைவிட அதன் மேல் அதிகப் பிரியம் யாருக்கு இருக்க முடியும்?

அக்டோபர் 9-ந் தேதி அங்கே ஹங்குல் திருநாள். செஜோங் என்ற அரசர் 1443-ல் உண்டாக்கி 1446-ல் ஜனங்களுக்கு அறிவித்த எழுத்துக்கு, தேசம் முழுவதும் விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறார்கள். எழுத்துக்குப் பண்டிகை கொண்டாடுகிற ஜனங்களைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. சீன எழுத்துப் படிக்க வசதி இல்லாத ஏழை ஜனங்கள் தங்கள் மனசில் இருப்பதைச் சொல்ல முடியாமல் தவிக்கிறார்களே என்று இரங்கித்தான் அரசர் அதைச் செய்தாராம்.

முதல் நாள் எங்கள் வகுப்பில் சின்ன விழா. ஆளுக்கு மூன்று நிமிஷம் பேச வேண்டும். வியத்நாம் பெண் தன் ஆறு வயசு மகளை அழைத்துவந்திருந்தாள். தன் ஊர் ஆற்றைப் பற்றியும், சுவோன் ஊரின் முதல் பனியைப் பற்றியும் பேசினாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். இன்னொன்றையும் பார்த்தேன். முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகள், அம்மா ஒவ்வொரு சொல் சொல்லும்போதும் சத்தம் வராமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். சில இடத்தில் முகத்தைச் சுளித்தாள்.

முடிந்ததும் இந்தத் தடவை நான்தான் முதலில் கை தட்டினேன். எல்லோரும் தட்டினார்கள்.

உள்ளூர்ச் செய்தி மலருக்குப் படம் எடுக்க ஒருவர் வந்திருந்தார். வரிசையாக நிற்கச் சொன்னார். பிறகு அமெரிக்கரைப் பிடித்து நடுவில் நிறுத்தி, ஹங்குல் எழுதின அட்டையை அவர் கையில் கொடுத்தார். அமெரிக்கர் காது சிவந்தது. மெல்ல, தப்பில்லாமல், கொரிய பாஷையில் சொன்னார்: "எல்லோரையும்விட நன்றாகப் பேசினவர் இவர்தான். இவரை நடுவில் நிறுத்துங்கள்."

படக்காரர் முகமெல்லாம் மலர்ந்து, ஆங்கிலத்தில், "ஓ, உங்கள் கொரிய பாஷை பிரமாதம்!" என்றார்.

படம் எடுத்தாயிற்று. நடுவில் அமெரிக்கர், ஓரத்தில் அவள்.

வெளியே வரும்போது தங்கை பெண் அவளிடம், "இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களே, அக்கா, வகுப்புக்கு எதற்கு வருகிறீர்கள்?" என்று கேட்டாள். அவள் மகளைக் கொஞ்சம் முன்னால் நடக்க விட்டுவிட்டுப் பதில் சொன்னாள். வரும் மார்ச்சில் குழந்தையைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். 'அங்கே வந்து நீ பேசாதே அம்மா' என்று இப்போதே சொல்கிறதாம். பாஷை கற்றுக்கொள்ள அவள் வரவில்லை. மார்ச் மாசத்துக்குள் தன் ஊர்ச் சாயலைக் குரலிலிருந்து கழுவிவிட முடியுமா என்று பார்க்க வருகிறாள்.

தங்கை பெண் இதை எனக்குத் தமிழில் சொல்லும்போது அவள் குரல் கம்மிவிட்டது.

நவம்பர் கடைசியில் ஊருக்குத் திரும்பினேன். வந்த மறுநாள், வழக்கமாகப் போகிற ஓட்டலுக்குக் காப்பி சாப்பிடப் போனேன். ஒடிஷாவிலிருந்து வந்த பையன் ஒருவன் அங்கே நாலு வருஷமாக மேஜை துடைக்கிறான், சாப்பாடு பரிமாறுகிறான். "சார், நீ ரொம்ப நாள் வரலே. உடம்பு நல்லா இருக்குதா?" என்றான்.

'நீ' என்கிறானே என்று பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். நானும் இந்தப் பையனுடைய 'நீ'யை முன்பெல்லாம் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஒரு கதையில்கூட வேடிக்கைக்காகப் போட்டிருக்கிறேன். சமையல்கட்டில் அவனை எல்லோரும் 'நீ' என்றுதானே கூப்பிடுகிறார்கள், அவன் காதில் வேறென்ன விழுந்திருக்கும் என்று அப்போது தோன்றியதில்லை. அந்தக் கதை வெளிவந்த வருஷம் ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஐரோப்பியர் ஒருவர் 'வணக்கம்' என்று ஆரம்பித்து, அடுத்த வரியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனார். அந்த ஒரு வணக்கத்துக்கு மண்டபம் அதிரக் கை தட்டினோம். எல்லோருக்கும் முன்னால் தட்டினவன் நான் என்று நினைவு.

"உடம்பு நல்லா இருக்குங்க. வெளியூர் போயிருந்தேன். நீங்க எப்படி இருக்கீங்க? ஊருக்குப் போனீங்களா?" என்றேன்.

'நீங்க' என்றதும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். கேலி செய்கிறேனோ என்று நினைத்திருப்பான். நான் மேலே எதையும் பேசாமல் காத்திருந்தேன். மேஜையைத் துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானதைச் சொன்னான். எவ்வளவு செலவாகும், எந்த மாசம், முதலாளி லீவு கொடுப்பாரா மாட்டாரா என்று சொல்லிக்கொண்டே போனான். ஏழெட்டுத் தப்பு இருக்கும், நான் எண்ணவில்லை.

நடுவில் ஒரு தடவை, "தமிழ் நல்லாப் பேசறீங்களே" என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. காப்பியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.